சொன்னா கேக்கற மாதிரி சொல்லணும்

விருத்தாச்சலம் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல. பொறந்தது வளந்தது எல்லாம் பெரம்பூர். செங்கல்பட்டு தாண்டினா எந்த ஊர் எதுன்னு எனக்குத் தெரியாது. போன்ல சார்ஜ் வேற சுத்தமா இல்ல, மேப் போட்டுப் பாத்துக்கிட்டே வர முடியாது. நீங்க எதுவரைக்கும்? அரியலூரா? அப்ப நல்லதாப் போச்சு, எனக்கு அப்புறம்தான் நீங்க எறங்குவீங்க. மறந்துடாதீங்க சார். ரெண்டு நிமிஷம்தான் நிக்குமாம்.

ஒரு நிமிஷம். நீங்க போன்ல பாக்கறது என்ன, அன்றாடம் நியூஸ் சைட்டா? கொஞ்சம் இப்படித் திருப்புங்க. மேல ஓடுது பாருங்க சிவப்பு எழுத்து, "இப்போது வந்த செய்தி, இப்போது வந்த செய்தி"ன்னு. கல்யாண மண்டபத்து வாசல் சீரியல் பல்பு மாதிரி. அத எடுத்தது நான் சார். என் கையால எடுத்துக் குப்பையில போட்டேன். இப்ப பாருங்க, திரும்பி வந்து உக்காந்துக்கிட்டு பல்லக் காட்டுது. எனக்கு வயிறு எரியுது.

ஆமா சார், நான் அங்கதான் வேலை பாக்கறேன். எழுதறவ இல்ல. நிருபர் இல்ல. நீங்க சைட்ட தெறந்ததும் கண்ணுக்கு என்னென்ன தெரியுதோ அதெல்லாம் எங்க டீமோட வேலை. கடைன்னா முகப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? போர்டு, லைட்டு, கண்ணாடி, படிக்கட்டு. அது நாங்க. ஆறு பேரு, அவங்களுக்கு லீடு நான்.

அந்தப் பழைய சைட்டு எப்படி இருந்துச்சு தெரியுமா? எப்படி இருந்துச்சுன்னு என்ன, இப்ப உங்க கையில இருக்கே, அதான். தெறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். செய்தியத் தொடப் போனா அது கீழ நழுவி நகைக்கடை விளம்பரம் தெறக்கும். லட்சக்கணக்குல ஜனம் வர்ற எடம் சார். மழைக்காலத்துல கேக்கவே வேணாம். லீவு உண்டா இல்லையான்னு பாக்க விடியக்காலையில ஒரு கூட்டம் வரும் பாருங்க, தீபாவளிக்கு மொத நாள் ரங்கநாதன் தெரு தோத்துடும். அத்தன பேரும் அந்தச் சிவப்பு எழுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இதப் புதுசா மாத்திக் குடுன்னு என்கிட்ட குடுத்தாங்க. ஒரு வருஷம் சார். என் பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடினா, நான் வெளிய மரத்தடியில நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தேன்.

பண்ணி முடிச்சேன். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள பக்கம் வந்துடும். எதுவும் குதிக்காது, நழுவாது. அத மட்டும் நீங்க பாத்திருந்தீங்கன்னா... பாக்கல இல்ல? மொத்தமே பத்து நாள்தான இருந்துச்சு. எங்க பாத்திருக்கப் போறீங்க.

நீங்க என்ன வேலை பண்றீங்க சார்? இருங்க, அதுக்கு முன்னாடி இதச் சொல்லிடறேன், இல்லன்னா விட்டுப் போயிடும்.

அந்த ஆபீஸ்ல யாருக்கும் காது கெடையாது. அதான் என் வியாதி. வேற ஒண்ணும் இல்ல. எடிட்டர் தணிகாசலம்னு ஒருத்தர். நல்லவர்தான், நான் இல்லேங்கல. ஆனா அவருக்கு எல்லாச் செய்தியும் மேல வரணும். "எல்லாமே முக்கியம்மா"ன்னுவாரு. எல்லாமே மேல வந்தா கீழ என்ன சார் இருக்கும்? அந்தச் சிவப்பு எழுத்து அவரு ஆரம்பிச்சது. வீட்லேருந்தே கைலியோட உக்காந்து அதுல டைப் பண்ணுவாரு. அத எடுக்கணும்னு நான் சொன்னப்ப, அவரு பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டாரு.

அப்புறம் எம்.டி. அவரு மீட்டிங்ல நம்மள பாக்கவே மாட்டாரு. போனத்தான் பாப்பாரு. நான் சொன்னேன், "சார், மழை சீசன்ல மாத்த வேணாம். கூட்டம் வர்ற நேரம். பொங்கல் முடிஞ்சு மாத்திக்கலாம்." தலையே தூக்கல. தீபாவளி விளம்பரம் புது சைட்டுல வந்தாகணும்னு அவருக்கு. மறுபடி சொன்னேன். "பாத்துக்கலாம் வாசுகி"ன்னாரு. மூணாவது தரம் மெயில் போட்டேன், நீளமா, காரணத்தோட. அதுக்கு என்ன பதில் வந்துச்சு தெரியுமா? கட்டை விரல். ஒரு கட்டை விரல் படம். அவ்வளவுதான். அத அவரு படிக்கவே இல்ல சார், எனக்கு நல்லாத் தெரியும். செவிடன் காதுல சங்கு ஊதின கதைதான். ஒரு மனுஷி தலைதலையா அடிச்சுக்கறாளே, என்னதான் சொல்றான்னு ஒரு தரம் காது குடுத்துக் கேட்டா என்ன கொறஞ்சு போயிடும்? சொல்லுங்க.

இல்ல, நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும்.

என்ன? விழுப்புரமா? அது தெரியும் சார், போர்டு பாத்தேன். இன்னும் நேரம் இருக்கு. கேளுங்க.

எங்க டீம்ல பாலாம்பிகான்னு ஒரு பொண்ணு. இந்த விருத்தாச்சலத்துக்காரிதான். நல்ல மூளை. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பேச்சு இருக்கே, இழுவை. "மேடம், ஒரு சின்ன சந்தேகம்"னு ஆரம்பிப்பா. அந்தச் சின்ன சந்தேகம் முடியறதுக்குள்ள நமக்குப் பெரிய தலைவலி வந்துடும். காலையில எல்லாரும் நின்னுக்கிட்டே ஒரு மீட்டிங் போடுவோம். ஆளுக்கு ஒரு நிமிஷம், நேத்து என்ன பண்ணே, இன்னிக்கு என்ன பண்ணப் போறே, முடிஞ்சுது. அதுல வந்து இவ எங்க ஊர்ல எப்படின்னா மேடம்னு ஆரம்பிச்சா நான் என்ன பண்ணுவேன்? "பாலா, ஊர்க் கதையெல்லாம் அப்புறம், பாயின்ட்டுக்கு வா"ன்னேன். அவ்வளவுதான், மூஞ்சி சுருங்கிடுச்சு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதச் சொன்னாலும் சுருங்கிடும்.

விஷயம் என்னன்னா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். லட்சம் பேரு ஒரே நேரத்துல வந்தா, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா தோசை ஊத்த முடியுமா? முடியாது. இட்லி மாதிரி மொத்தமா அவிச்சு வச்சுடணும். வந்தவங்களுக்கு எடுத்து எடுத்து வைக்க வேண்டியதுதான். புது சைட்டு அப்படித்தான். பக்கத்தோட நகல் ஒண்ணு தயாரா இருக்கும். இன்னிக்கு வந்த செய்தின்னா மாறலாம், அதனால நகல அப்பப்போ புதுசாக்கும். ஒரு நாள் தாண்டிட்டா அந்தச் செய்தி இனிமே மாறப் போறதில்லன்னு எடுத்துக்கிட்டு அந்த நகல அப்படியே வச்சுக்கும். அதனாலதான் அவ்வளவு வேகம். அந்த ஒரு நாள் கணக்கு நான் போட்டது சார். என் யோசனை. சொல்லிக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல. உலகத்துல எந்த ஊர்லயும் நேத்து பேப்பர்ல இன்னிக்குச் செய்திய அச்சடிக்க மாட்டாங்க.

இவங்க அச்சடிக்கறாங்க!

லீவு செய்தி இருக்கே, அதுக்குச் செய்தி எழுதறவங்க டெஸ்க்ல ஒரு பழக்கம். தினம் புதுசா எழுத மாட்டாங்களாம். நேத்து எழுதின அதே செய்தியத் தெறந்து, தேதிய மாத்தி, மாவட்டத்த மாத்தி, மறுபடி சேவ் பண்ணிடுவாங்களாம். ஏன்னா அந்த லிங்க்கத்தான் எல்லா அம்மாமாரும் வாட்ஸ்அப்புல வச்சிருக்காங்க. கூகுள்ல தேடினாலும் அதுதான் மொதல்ல வருது. புதுசா எழுதினா கூட்டம் கொறையும். அதனால மழை ஆரம்பிச்ச நாள்லேருந்து முடியற வரைக்கும் ஒரே செய்தி, உள்ள மட்டும் மாறிக்கிட்டே இருக்கும். இந்த அநியாயம் எங்கயாவது உண்டா? இத எனக்கு யாரு சொல்லணும்? எடிட்டர் சொன்னாரா? இல்ல. டெஸ்க்ல ஒருத்தராவது சொன்னாங்களா? இல்ல.

பாலா சொன்னா. சொன்னாளாம். அதத்தான் சொல்ல வர்றேன்.

என்ன சார், ஜன்னலா? மழை உள்ள அடிக்குதா? சாத்திக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. பாதி மட்டும் சாத்துங்க.

கடலூர் மாவட்டம் சார். மொத நாள் சாயங்காலம் நாளைக்குப் பள்ளிக்கூடம் வழக்கம்போல நடக்கும்னு கலெக்டர் அறிவிச்சதா செய்தி போட்டாங்க, இந்த மழைக்கு அதுதான் மொத லீவு செய்தி. அது சரி. நல்ல வெயில் அடிச்சுது, பள்ளிக்கூடமும் நடந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் விடியக்காலையில வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. லீவு விட்டுட்டாங்க. தணிகாசலம் சார் கைலியோட எழுந்து உக்காந்து அதே பழைய செய்தியத் தெறந்து, "கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை"ன்னு மாத்தினாரு. அவரு ஸ்கிரீன்ல மாறிடுச்சு. டெஸ்க்ல இருக்கறவங்களுக்குச் சரியாத்தான் தெரியும். வெளிய ஜனத்துக்கு மட்டும், நேத்து அவிச்ச இட்லி. "பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும்."

அனுப்பிட்டாங்க சார். அந்த மழையில பிள்ளைங்கள அனுப்பிட்டாங்க. பூட்டின கேட்டு முன்னாடி ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு நிக்கற படம் ஒண்ணு வந்துச்சே, பாத்தீங்களா? போட்டி சைட்டுக்காரன் அதப் பெருசாப் போட்டு, கீழ எங்க பக்கத்தையும் படம் பிடிச்சுப் போட்டான்.

ஆபீஸ் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாரும் எடுக்கல. நான் எடுத்தேன். ஒரு அம்மா. குறிஞ்சிப்பாடி பக்கம். "பாப்பாவ கேட்டுக்கிட்ட எறக்கி விட்டுட்டு நான் வேலைக்குப் போயிட்டேங்க. ரெண்டாங்கிளாஸுங்க. தனியா நின்னிருக்குங்க. தெருவெல்லாம் தண்ணிங்க. பக்கத்து டீக்கடைக்காரர் பாத்து உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு. நீங்க நல்லா இருப்பீங்களா?"ன்னு. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன் சார். அம்மா, இது எங்க டீம் தப்பு இல்ல, செய்தி போடறவங்க பழைய பக்கத்தையே திருத்தறாங்க, ஒரு நாள் தாண்டினா நகல் மாறாதுன்னு. பாதியிலேயே வச்சுட்டாங்க. அவங்களும் கேக்கல. எனக்கு அழுகையா வந்துச்சு. கோவத்துல வந்துச்சா எதுல வந்துச்சான்னு எனக்கே தெரியல. என் பொண்ணும் ரெண்டாங்கிளாஸ்தான்.

மத்தியானத்துக்குள்ள பழைய சைட்டத் தூக்கிட்டு வந்து வச்சுட்டாங்க. சிவப்பு எழுத்து ஓடுது. தணிகாசலம் சார் மூஞ்சியில ஒரு நிம்மதி, பாக்கணுமே.

அப்புறம் மீட்டிங். எம்.டி. அன்னிக்குத்தான் போனக் கீழ வச்சாரு. "இது இப்படி ஆகும்னு இங்க ஒருத்தருக்குக்கூட முன்னாடியே தெரியாதா?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பாலா எழுந்து நிக்கறா. "எனக்குத் தெரியும் சார். நான் மேடம்கிட்ட மூணு தரம் சொன்னேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தன பேரு முன்னாடி. என்ன மூணு தரம்? காலை மீட்டிங்ல சொன்னாளாம். அதான் அந்த ஊர்க் கதை. எங்க ஊர்ல எல்லாரும் ஒரே லிங்க்கத்தான் மேடம் பாப்பாங்க, அது டெஸ்க்ல தினம் மாறும்னு சொல்ல வந்தாளாம். சொல்ல வந்தா சொல்லு, யாரு வேணாம்னா? அப்புறம் லிஃப்ட்ல சொன்னாளாம். லிஃப்ட்ல நான் எம்.டி.க்கு எழுதின மெயிலுக்கு என்ன பதில் வந்திருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தேன். மனுஷிக்கு ரெண்டு காது, நாலு வேலை. மூணாவது, மெசேஜ் அனுப்பினாளாம். அனுப்பினா, இல்லேங்கல. அப்புறம் எடுத்துப் பாத்தேன், இருந்துச்சு. நீளமா. காரணத்தோட. நான் ஒரு கட்டை விரல் போட்டிருக்கேன். ஒரு நாளைக்கு எத்தன மெசேஜ் வருது சார், ஒவ்வொண்ணையும் உக்காந்து படிக்க நான் என்ன பரீட்சையா எழுதறேன்? வந்துச்சு, பாத்தேன்னு ஒரு மரியாதைக்குப் போடறதுதான்.

நான் சொன்னேன், எல்லார் முன்னாடியும், "சொன்னா மட்டும் போதாது பாலா. சொன்னா கேக்கற மாதிரி சொல்லணும்."

அதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. சரியாத்தான சொன்னேன்? அந்தப் பொண்ணு என்னையே கொஞ்ச நேரம் பாத்தா. கழுத்துல இருந்த ஐடி கார்டக் கழட்டி மேஜை மேல வச்சா. போயிட்டா. திமிர் சார். சோறு போட்ட எடம், வேலை கத்துக்கிட்ட எடம், மேஜை மேல தூக்கி வச்சுட்டுப் போயிடுவாளா?

பைய தொடறீங்களே, இடிக்குதா? நகர்த்திக்கறேன் இருங்க. இந்தாங்க, என் கால் கிட்ட வச்சுக்கறேன். அதுல மைசூர்பாகு இருக்கு, நசுங்கிடக் கூடாது. அவ வீட்டுக்குத்தான்.

ஏதோ ஸ்டேஷன் போல, நின்னுடுச்சு. டீ! டீக்காரரே, இங்க! ரெண்டு குடுங்க. இல்ல சார், நீங்க எடுக்க வேணாம், நான் குடுக்கறேன், எவ்வளவு நேரமா என் பொலம்பலக் கேட்டுக்கிட்டு வர்றீங்க. சார் சார், கைய ஆட்டாதீங்க, டீ சிந்திடும். ஒண்ணும் பேசாதீங்க, குடிங்க மொதல்ல. சில்லறை இருக்கட்டும் தம்பி.

பரவாயில்லையே, இஞ்சி தட்டிப் போட்டிருக்கான். நல்லா இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், மைசூர்பாகு. எம்.டி. கெடு வச்சிருக்காரு சார். திங்கக்கிழமை. அந்த நகல் விஷயத்தச் சரி பண்ணிக் காட்டினா புது சைட்டு. இல்லன்னா இந்தச் சிவப்பு எழுத்தே நிரந்தரம். டீமக் கலைச்சுடுவாங்க. ஆறு பேரு. அதுல ஒருத்தனுக்குக் கொழந்த பொறந்து மாசம் ரெண்டு ஆகல. எனக்கும் சீட்டு கிழிஞ்சுது. ஒரு வருஷ வேலை, என் பொண்ணு டான்ஸ் எல்லாம் தண்ணியில போன மாதிரிதான். அந்த நகல் பகுதியோட கோடு முழுக்க பாலா எழுதினது. மத்த பசங்க தெறந்து பாத்துட்டு, "மேடம், இது அவங்க வந்தாத்தான் சீக்கிரம் ஆகும்"ங்கறானுங்க. எனக்கு அத உக்காந்து படிக்க எங்க நேரம்?

போன் பண்ணா எடுக்கல. கடைசியில அவங்க அப்பாவுக்குப் பண்ணேன். மரியாதையான மனுஷன். "பெங்களூர்ல வேலை கெடச்சிருக்குதுங்கம்மா, இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் ஏறிடும். அதுக்கு முன்னாடி நேர்ல வந்தீங்கன்னா பேசலாம். உங்க மேல அதுக்கு மரியாதை உண்டுங்க. நீங்க அது பேச்சக் கொஞ்சம் கேட்டா வரும்னுதான் நெனைக்கறேன்"னாரு. அதான் கெடச்ச ரயில்ல ஏறி உக்காந்துட்டேன்.

என்ன பேசணும்னு நான் முடிவு பண்ணி வச்சிருக்கேன் சார். அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் பேசி முடிச்சுடணும். அவ ஆரம்பிச்சா இழுத்துடுவா, பஸ்ஸுக்கு நேரம் ஆயிடும். சம்பளம் கூட்டித் தரேன், உனக்குக் கீழ ரெண்டு பேரு தரேன், பழசெல்லாம் மறந்துடு, திங்கக்கிழமை வந்துடு. அவ்வளவுதான். அவ "சரி"ன்னு சொன்னாப் போதும்.

நீங்க நல்லாக் கேக்கறீங்க சார். நெசமாச் சொல்றேன். உங்கள மாதிரி ஒரு ஆளு எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா எனக்கு இந்த நெலமை வந்திருக்காது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், நான் பேச ஆரம்பிச்சா காதுல ஒண்ண எடுத்து மாட்டிக்குவாரு. எனக்குன்னு வாய்ச்சதெல்லாம் அப்படி.

கப்பக் குடுங்க, நான் கட்டி வச்சுக்கறேன், வெளிய போட வேணாம். விருத்தாச்சலம் இன்னும் எவ்வளவு நேரம் சார்?

என்னது?

தாண்டிடுச்சா? எப்ப? வெளையாடாதீங்க. இப்பதான... டீ வாங்கினோமே, அதுவா? அதான் விருத்தாச்சலமா? அய்யோ. நான் எறங்க வேண்டிய ஊர்ல உக்காந்து உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தேனா?

அடுத்தது எங்க நிக்கும்? அரியலூரா? அங்க எறங்கித் திரும்பி வந்தா ஆறு மணிக்குள்ள முடியுமா? முடியாதா? போன்... போனும் செத்துடுச்சு. என்ன சார் நீங்க? ஏறினதும் ஏறாததுமா மொத வார்த்தையா உங்ககிட்டதான சொன்னேன்? விருத்தாச்சலம் வந்தா சொல்லுங்கன்னு? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஆறு பேரு பொழப்பு சார்!

சொன்னீங்களா? எப்ப சொன்னீங்க? ஜன்னல் பக்கம் கையக் காட்டினீங்க, நான் மழைன்னு நெனைச்சேன். பைய எடுத்துக் குடுத்தீங்களா? இடிக்குதுன்னு நெனைச்சேன். டீக்காரன் வந்தப்பவுமா? மூணு தரமா?

சொன்னா மட்டும் போதுமா சார்? சொன்னா கேக்கற மாதிரி...

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

ஏதாவது சொல்லுங்களேன்.